தொலைபேசியை எடுப்பவருக்கு என்ன பதில்?

நான் மக்கள் தொடர்புத் துறைக்கு வந்த மூன்றாவது வருடம் அது. பில்லிங் மென்பொருளில் ஏற்பட்ட கோளாறால், வாடிக்கையாளர்கள் பலருடைய வங்கிக் கணக்கிலிருந்து ஒரே மாதக் கட்டணம் இரண்டு முறை போய்விட்டது. காலை பத்து மணிக்குள் நிருபர்கள் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவசரமாக ஒரு செய்திக்குறிப்பு எழுதினேன். "தொழில்நுட்பக் காரணங்களால் சில வாடிக்கையாளர்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். விரைவில் சரிசெய்யப்படும்." மேலதிகாரி நன்றாக இருக்கிறது என்றார். சட்டப் பிரிவும் ஒப்புக்கொண்டது.

அதை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குப் போனேன். காலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றாமல் பேசிக்கொண்டிருந்த ஒரு பெண் வாங்கிப் படித்தார்.

"சார், பணம் எப்போ திரும்ப வரும்னுதான் எல்லாரும் கேக்குறாங்க. இதுல அது இல்லையே. நான் என்ன பதில் சொல்றது?"

எனக்குத் தெரியவில்லை. நிறுவனத்தில் யாருமே அதை இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. நல்ல வாக்கியம் எழுதினால் என் வேலை முடிந்தது என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்று மதியம் வரை ஒரு வாக்கியமும் எழுதாமல் நிதிப் பிரிவு அறையிலேயே உட்கார்ந்திருந்தேன். "தேதியைச் சொல்லிட்டு முடியலைன்னா?" என்று அவர்கள் தயங்கினார்கள். நியாயமான பயம்தான். கடைசியில் மூன்று வேலை நாள் என்று முடிவானது. யாரும் விண்ணப்பம் எழுத வேண்டாம், பணம் தானாகவே வந்துவிடும். கணக்கில் இருப்புக் குறைந்து வங்கி அபராதம் போட்டிருந்தால் அதையும் நாங்களே ஏற்போம். இந்த அபராத விஷயமும் அந்தப் பெண் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. அப்புறம், "சில" என்பதைப் "பல" என்று மாற்ற மட்டும் ஒரு மணி நேரம் வாதாட வேண்டியிருந்தது.

மறுநாள் பத்திரிகைகளில் எங்களைக் குறை சொல்லித்தான் செய்தி வந்தது. ஆனால் எல்லாச் செய்தியிலும் அந்த மூன்று நாள் கெடு இருந்தது. சொன்னபடி பணம் போய்ச் சேர்ந்ததும் அழைப்புகள் அடங்கின.

இந்தத் தொழிலின் முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீயை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. 1906-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் பாலத்திலிருந்து ரயில் கவிழ்ந்து 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விபத்தை மூடி மறைப்பதே ரயில் நிறுவனங்களின் வழக்கமாக இருந்த காலம். அந்த ரயில் நிறுவனத்துக்காக வேலை செய்த லீயோ நிருபர்களை விபத்து நடந்த இடத்துக்கே அழைத்துப்போகச் செய்து, தகவல்களை அறிக்கையாகவும் கொடுக்க வைத்தார். அதே லீதான், 1914-இல் கொலராடோவின் லட்லோவில் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் கொல்லப்பட்ட பிறகு, முதலாளிகள் தரப்பில் வெளியிட்ட அறிக்கைகளில் தொழிற்சங்கத் தலைவர்களின் வருமானத்தைப் பல மடங்கு பெருக்கிக் காட்டினார். பொய் வெளிப்பட்டது. இன்றுவரை அவர் பெயரோடு இரண்டும் சேர்ந்தே வருகின்றன. எழுதும் திறமை இரண்டு இடத்திலும் ஒன்றேதான். ஒன்றில் அறிக்கைக்குப் பின்னால் திறந்துவிட்ட கதவு இருந்தது, மற்றதில் எதுவும் இல்லை.

1982-இல் சிகாகோ பகுதியில் "டைலனால்" என்ற வலி நிவாரணி கேப்ஸ்யூல்களில் யாரோ சயனைடைக் கலந்து ஏழு பேர் இறந்தபோது, அந்த மருந்துக்குச் சொந்தக்கார நிறுவனமான ஜான்சன் அண்ட் ஜான்சன் ஏறத்தாழ 3.1 கோடி புட்டிகளைத் திரும்பப் பெற்றது. பிரித்தால் தெரிந்துவிடும் உறையோடு மருந்து மீண்டும் கடைக்கு வந்தது. மக்கள் தொடர்புப் பாடத்தில் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது அந்த உறைதான். அதை வடிவமைத்தவர்கள் எங்கள் துறைக்காரர்கள் இல்லை. ஆனால் அச்சத்தோடு இருப்பவர்களுக்கு வெறும் சமாதானம் போதாது என்று உள்ளே போய்ச் சொல்ல ஒருவர் வேண்டும். வெளியே இருப்பவர்களின் குரலை நிர்வாக அறைக்குள் கொண்டுபோகும் அந்த வேலையைத்தான் நான் மக்கள் தொடர்பு என்கிறேன். அதற்கு நிர்வாகம் எங்களை முதல் கூட்டத்துக்கே கூப்பிட வேண்டும். முடிவெடுத்த பிறகு, "இதை அழகா எழுதிக் கொடுங்க" என்றால் எங்களால் ஆவது கொஞ்சம்தான்.

அந்த நிறுவனத்தை விட்டு வந்து பல வருடம் ஆகிறது. இப்போதும் எந்த அறிக்கை எழுதினாலும், மேலதிகாரிக்கு அனுப்பும் முன் கீழே இறங்கிப்போய், தொலைபேசியை எடுப்பவர் ஒருவரிடம் படிக்கக் கொடுக்கிறேன். பெரும்பாலும் ஒரு கேள்வியோடுதான் திரும்பி வருகிறேன்.