போர்ட் லூயிஸில் ஒரு கப்பல் பாரோமீட்டர்

மொரீஷியஸ் போனால் கடற்கரையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று சட்டமா என்ன? போர்ட் லூயிஸில் சொக்கலிங்க மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போனபோது அறிமுகமானவர், "பழைய சாமான் பிடிக்குமா?" என்று கேட்டு ஒரு பெரியவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். துறைமுகத்தில் கப்பல் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். "வாங்க தம்பி" என்றதோடு அவருடைய தமிழ் முடிந்தது. அப்புறம் எல்லாம் தீவின் பேச்சுமொழியான கிரியோல்தான். பள்ளியில் தமிழ் படித்த மகள் இடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார்.

சுவரிலிருந்து நீண்ட பித்தளைக் கையில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையங்கள். அதில் தொங்கியது ஏறத்தாழ ஒரு மீட்டர் நீள மரக்கூடு. உள்ளே பாதரசக் குழாய். இதுதான் கப்பல் பாரோமீட்டர், காற்றழுத்தம் அளக்கும் கருவி. அழுத்தம் கூடினால் பாதரசம் ஏறும், குறைந்தால் இறங்கும். விரலால் தள்ளினேன். ஆடிவிட்டுத் தானாக நேரே நின்றது. கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் இப்படித்தான் நிற்கும்.

ஆனால் வளையம் மட்டும் போதாது. அலையில் கப்பல் ஏறி இறங்கும்போது பாதரசமும் குழாய்க்குள் எகிறும். அளவு பார்க்கவே முடியாது. சில சமயம் கண்ணாடியே உடைந்துவிடும். லண்டன் கைவினைஞர் எட்வர்ட் நேர்ன் இதற்கு வழி கண்டார். குழாயின் மேல்பகுதியை மட்டும் அகலமாக விட்டு, கீழே துளையை மிகவும் குறுக்கிவிட்டார். பாதரசம் அவசரப்பட முடியாது. 1772இல் கிளம்பிய ஜேம்ஸ் குக்கின் இரண்டாம் பயணத்தில் இந்தக் கருவி போனது.

மேசையில் துளை குறுகாத சாதாரணக் குழாய் ஒன்றும் இருந்தது. பெரியவர் அதை மெல்லச் சாய்த்தார். பாதரசம் உச்சியில் போய் 'டிக்' என்று மோதியது. உள்ளே காற்று புகுந்திருந்தால் சத்தம் மொத்தையாகக் கேட்குமாம். அந்தக் காற்றை விரட்ட, பாதரசத்தைக் குழாய்க்குள்ளேயே கொதிக்கவைப்பார்கள். அந்த ஆவி நஞ்சு. நாம் இன்று ரசித்துப் பார்க்கும் பொருளுக்காக எத்தனை பேர் அதைச் சுவாசித்தார்களோ!

அளவுப் பலகையில் ஆங்கிலத்தில் மழை, மாற்றம், தெளிவு என்று பொறித்திருந்தது. பெரியவர் சிரித்தார். "அது லண்டன் வானம். இங்கே அதைப் படித்தால் ஆள் காலி."

இந்தத் தீவில் பாதரசத்துக்கென்று ஒரு நடை உண்டு. காலை, இரவு பத்து மணிவாக்கில் ஏறும். மாலையும் விடியற்காலையும் நாலு மணிவாக்கில் இறங்கும். அந்த ஏற்றமே வராமல் தொடர்ந்து இறங்கினால் புயல். 1892 ஏப்ரல் 29 அன்று வந்த புயலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஏப்ரல் கடைசி, புயல் பருவம் முடிந்தது என்று ஊர் நினைத்திருந்த நேரம்.

வானிலை ஆராய்ச்சியில் இந்தத் தீவுக்கு நல்ல பெயர் உண்டு. வானிலை ஆய்வாளர் சார்ல்ஸ் மெல்ட்ரம், துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் குறிப்பேடுகளைத் திரட்டிப் புயல்களின் போக்கை ஆராய்ந்தது இங்கேதான். அவருக்கு முன்பே இங்கே இருந்தவர் ஆங்கிலேயக் கடலோடி மேத்யூ ஃபிளிண்டர்ஸ். ஆஸ்திரேலியாவைச் சுற்றிவந்து வரைபடம் வரைந்துவிட்டு 1803இல் இங்கே ஒதுங்கியவரை, அப்போது தீவை ஆண்ட பிரெஞ்சுக்காரர்கள் ஒற்றர் என்று சந்தேகித்துப் பிடித்துவைத்தார்கள். 1810 வரை விடவில்லை. அந்தச் சிறைவாசத்தில் கப்பல் பாரோமீட்டர் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1806இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. ஆஸ்திரேலியக் கரையோரம் கடல்காற்று அடித்தால் பாதரசம் ஏறுகிறது, நிலக்காற்று அடித்தால் இறங்குகிறது என்பது அதன் சாரம். அவர் கையில் இருந்தது நேர்ன் அண்ட் பிளன்ட் பட்டறைக் கருவி.

தீவின் தெற்கே, ஃபிளிண்டர்ஸ் வந்து இறங்கிய பே து காப்பில் கடலோரமாக அவருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. நானும் போய்ப் பார்த்தேன். நிழலே இல்லை, தொப்பி எடுத்துப் போங்கள்.