கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள், தங்கச்சி

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் முன்பள்ளி நடத்துகிற என் வயதுப் பெண்களில் பலர் பயிற்சி பெற்று இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள் அல்லர். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் காலத்தில் கோயில் நிர்வாகமோ மாதர் சங்கமோ வந்து கேட்கும். "வீட்டில் சும்மா இருக்காமல் பிள்ளைகளைப் பாருங்கள்" என்பார்கள். போய்ப் பாய் விரித்தோம். தகைமையெல்லாம் பிறகுதான் வந்தது. நானும் பல வருடம் படிப்பித்த பின்னரே தேசிய தொழில் தகைமை மட்டம் 4 சான்றிதழை எடுத்தேன். ஏற்கெனவே உள்ள அனுபவத்தை வைத்தே மதிப்பீட்டுக்குப் போக அதில் வழியிருக்கிறது. மனப்பாடம் செய்து எழுதுகிற பரீட்சை மாதிரி அல்ல; மதிப்பீட்டாளர் நாங்கள் வேலை செய்வதைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், செய்த வேலைகளின் படங்களையும் குறிப்புகளையும் சேர்த்து வைத்த சான்றுக் கோவையைப் புரட்டுவார். எனக்கு அந்த முறை பிடித்திருந்தது. அந்தக் கோவையைப் பற்றித்தான் இன்றுவரை மனக்குறை.

இப்போது பயிற்சி நிலையங்களில் படிக்கும் இளம் பெண்கள் செயன்முறைப் பயிற்சிக்காக எங்களிடம் வருகிறார்கள். வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையில் இருப்பவர்கள் குருமன்வெளியில் வாவியைக் கடக்கும் படகுப் பாதையில் ஏறி மண்டூரில் இறங்கி வருவார்கள். கையில் ஒரு பெரிய பை இருக்கும். அதற்குள் பிரிஸ்டல் போட், மினுங்கும் கடதாசி, றெஜிபோம் துண்டுகள், பசைப் போத்தல். வந்ததும் சுவரோரம் உட்கார்ந்து வண்ணத்துப்பூச்சி வெட்டத் தொடங்கிவிடுவார்கள். ஒரு பிள்ளை ஆசையோடு கிட்டப் போனால், "தொடாதே, பழுதாகிவிடும்" என்று தடுப்பார்கள். பிள்ளைகளுக்கென்று செய்வதைப் பிள்ளைகள் தொடக்கூடாது! அவர்களை நொந்து பயனில்லை. படம் பிடித்துக் கோவையில் ஒட்டக்கூடியதுதான் வேலைக்குச் சாட்சி என்று எப்படியோ ஆகிவிட்டது.

அதனால்தான் முதலில் கத்தரிக்கோலைக் கீழே வைக்கச் சொல்கிறேன். ஒரு பிள்ளையைத் தெரிவு செய்து, அரை மணி நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்து எழுதச் சொல்கிறேன். முதலில் வருவது பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பிள்ளை மகிழ்ச்சியாக விளையாடினார். சக பிள்ளைகளுடன் ஒத்துழைத்தார்." எந்த ஊரில் எந்தப் பிள்ளைக்கும் பொருந்துகிற வசனம். எந்தக் கையால் கட்டையை எடுத்தான், எத்தனையாவது கட்டையில் கோபுரம் சரிந்தது, சரிந்ததும் யாருடைய முகத்தைப் பார்த்தான் என்று கேட்பேன். கொப்பியில் இருக்காது. மறுபடியும் போய் உட்கார வேண்டும்.

படித்ததும் பார்ப்பதும் தனித்தனியாக நிற்பதை இங்கேதான் காண்கிறேன். மூன்று வயதுப் பிள்ளைகள் இருவர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ஒருவரோடு ஒருவர் பேசாமல், ஒரே மண்ணில் தனித்தனியே கிணறு தோண்டுவார்கள். பயிற்சிக்கு வந்தவர் "ஒத்துழைப்புக் குறைவு" என்று எழுதுவார். பக்கத்தில் இருந்தபடியே தன்பாட்டில் விளையாடுவது அந்த வயதுக்கு உரியது என்று பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்டன் 1932இலேயே எழுதிவிட்டார். இவர்களின் பாடக்குறிப்பிலும் அது இருக்கிறது. குறிப்பில் இருப்பதுதான் கண்முன்னே நடக்கிறது என்று பிடிபட மட்டும் சில நாள் ஆகும்.

பெற்றோர் விடயம் வேறு. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் பயம் மூன்று வயதுப் பிள்ளையின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. "டீச்சர், கொப்பியில் ஒன்றும் எழுதவில்லையே?" என்று வாசலில் மறிப்பார்கள். பெயர்ப்பலகையில் மொண்டிசோரி என்று எழுதியிருக்கும் இடங்களிலும் வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள். 1944இல் கொழும்புக்கே வந்து பயிற்சி வகுப்பு நடத்திய அந்த மரியா மொண்டிசோரி அம்மா இதைப் பார்த்தால் என்ன சொல்வாரோ. மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. ஐந்து வயதிலும் அவை எல்லாம் எலும்பாகி முடிந்திருப்பதில்லை என்று தாய்மாருக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பாதிப் பேர் தலையாட்டுவார்கள், மீதிப் பேர் அடுத்த தெரு முன்பள்ளியை விசாரிப்பார்கள். அதைவிட நன்றாக வேலை செய்வது விஜயதசமிதான். ஏடு தொடக்கும்போது பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில்தானே எழுதுவிக்கிறோம், பென்சிலைக் கொடுப்பதில்லையே என்று கேட்பேன். அதற்கு மறுபேச்சு வந்ததில்லை. மறுநாள் தட்டில் ஆற்றுமணல் பரப்பி வைப்பேன்.

கடந்த முறை வந்தவர்களில் ஒருத்தி நல்ல கண்ணுள்ளவள். எங்களிடம் அதிகம் பேசாத, நான்கு வயதை எட்டும் ஒரு சிறுமியை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டு மூலையில் அந்தச் சிறுமி பொம்மையைத் தூக்கித் திரைச்சேலைக்குப் பின்னால் வைத்தாள். அதன் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தி, "சத்தம் போடாதே, அம்மா வீட்டில் இல்லை" என்றாள். பிறகு வெளியே வந்து, ஒரு தடியை மோட்டார் சைக்கிளாக்கி உறுமிக்கொண்டு போய்த் தகர டின்னில் தட்டினாள். யாரும் திறக்கவில்லை. மறுபடி உள்ளே போய்ப் பொம்மையைத் தூக்கி வந்து சோறு ஊட்டினாள்.

நுண்கடன் தவணைப் பணம் வாங்க மோட்டார் சைக்கிளில் தவணைக்காரர் வரும் நாள் எது என்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. குழுவாகக் கையெழுத்திட்ட பெண்கள் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வந்தவள் சிறுமியின் ஒவ்வொரு சொல்லையும் எழுதியிருந்தாள். "டீச்சர், இதை அப்படியே கோவையில் வைக்கலாமா?" என்று கேட்டாள். இரகசியம் பேணுதல் பற்றிப் பாடத்தில் ஓரிரு வரிதான் உண்டு. பெயரை மறைத்தாலும் சிறிய ஊரில் மறையாது. கோவை பல கைகளுக்குப் போகும். பாத்திரமேற்று நடித்தாள், முழு வசனம் பேசினாள், ஒரு பொருளை இன்னொன்றாகப் பாவித்தாள் என்பவை பிள்ளையின் வளர்ச்சி, அவை இருக்கட்டும். திரைக்குப் பின்னால் பேசியது வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

அதோடு விடவில்லை. பழைய பக்கங்களைப் புரட்டியபோது, கிழமையில் ஒரே ஒரு நாளில்தான் அந்தப் பிள்ளை தின்பண்டத்தைத் தொடாமல் திருப்பிக் கொண்டுபோகிறாள் என்பது தெரிந்தது. தவணைக்காரர் வரும் அந்த நாளில் முன்பள்ளி கலைந்த பிறகும் நான் சாமான் கழுவ நிற்பேன், தேவையானவர்கள் பிள்ளையை விட்டுவைக்கலாம் என்று எல்லாத் தாய்மாருக்கும் பொதுவாகச் சொன்னேன். அவளுடைய தாய் காரணம் கேட்காமல் விட்டுச் சென்றாள். வேறு இரண்டு தாய்மாரும் விட்டுச் சென்றதுதான் நான் எதிர்பாராதது.

மதிப்பீட்டு நாளில் கோவையைப் புரட்டியவர்கள் யாரும் அந்தச் சிறுமியைப் பற்றிய பக்கத்தில் நிற்கவில்லை. முதலுதவிப் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னாள், தேர்ச்சியும் பெற்றாள். இப்போது வெல்லாவெளிப் பக்கம் ஒரு முன்பள்ளியில் இருக்கிறாள். முன்பள்ளிகள் மாகாண சபையின் பொறுப்பில் இருந்தாலும், எங்களுக்குக் கிடைப்பது சம்பளமல்ல, ஒரு கொடுப்பனவு. அவளுக்கு அது பஸ் காசுக்கே சரியாகப் போகிறதாம். அடுத்த அணி வருவதற்கு முன் பயிற்சி நிலையத்தில் ஒன்று கேட்டிருக்கிறேன்: முதல் வாரம் பை இல்லாமல் அனுப்புங்கள். அப்படியானால் அந்த வாரத்துக்குக் கோவையில் எதை ஒட்டுவது என்று கேட்கிறார்கள்.