கொப்பியின் முந்தைய பக்கம்

1988 இல் உயர்தர வகுப்பில் எங்கள் வாங்கில் இருந்த ஒருவனுக்குச் செங்கமாரி வந்தது. வெள்ளவத்தையில் அவன் வீட்டுக்குப் போனபோது கண் இரண்டும் மஞ்சளாகக் கட்டிலில் சாய்ந்திருந்தான். அவனுடைய அம்மா கீழ்க்காய்நெல்லி அரைத்து மோரில் கரைத்துக்கொண்டிருந்தார். பொரித்தது, எண்ணெய் எல்லாம் நிறுத்தம்.

அந்த வருடம் பள்ளிக்கூடம் அடிக்கடி மூடிக்கிடந்தது. விலங்கியல் சேர் எங்களைப் பம்பலப்பிட்டியில் தன் வீட்டு விறாந்தைக்கே வரச்சொல்லிவிட்டார். கடற்கரை ரயில் போகும்போது பேச்சை நிறுத்துவார். கடைசிப் பெட்டி போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். நண்பனுக்கு வந்தது, ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் வைரசுகளில் தண்ணீரால் பரவும் ஏ வகையாக இருக்கும், ஆறிவிடும் என்றார். பி வகைதான் சிலருக்கு ஆயுள் முழுக்க ஈரலில் தங்கிவிடும். இரண்டிலும் சேராத இன்னொன்றும் இருக்கிறது, அதற்கு 'ஏயும் அல்ல, பியும் அல்ல' என்றுதான் பெயர் என்றார். அடுத்த வருடமே அதற்கு சி என்று பெயர் வந்தது.

அன்று அவர் பலகையில் ஓர் ஈரற்கலம் வரைந்தார். "பி வைரஸ் இரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றுது. ஆனால் ஈரலில்தான் இறங்குது. இதுதான் ஈரல் என்று அதற்கு எப்படித் தெரியும்?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. "எனக்கும் தெரியாது. உலகத்தில் இன்னும் ஒருவருக்கும் தெரியாது" என்று சொல்லி, கலத்தின் மென்சவ்வில், வைரஸ் வந்து பிடிக்கும் இடத்துக்கு 'வாங்கி' என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டார். வினாத்தாள்களை மனப்பாடம் செய்துகொண்டிருந்த எங்களுக்கு, விடை இல்லாத ஒன்றைப் பாடமாக நடத்தலாம் என்பதே புதிது. நான் இன்று லண்டனில் ஓர் ஆய்வுகூடத்தில் இருப்பதற்கு அந்தக் கேள்விக்குறிதான் காரணம்.

விடை 2012 இல் பெய்ஜிங்கிலிருந்து வந்தது. வென்ஹுய் லியின் குழு, இந்த வைரஸ் தொற்றக்கூடிய மர மூஞ்சூறு என்ற சிறு விலங்கின் ஈரற்கலங்களை வைத்துத் தேடிப் பிடித்தது. வைரஸ் முதலில் கலத்தின் மேலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளில் இலேசாக ஒட்டுகிறது. அப்புறம் அதன் உறைப் புரதத்தின் கொழுப்பமிலம் ஒட்டிய நுனி, என்.ரி.சி.பி என்ற புரதத்தை இறுகப் பிடிக்கிறது. அந்தப் புரதத்துக்கு உடம்பில் வேறு வேலை இருக்கிறது. குடலில் கொழுப்பைக் கரைத்துவிட்டு இரத்தத்தில் திரும்பி வரும் பித்த உப்புகளை ஈரலுக்குள் எடுப்பது அதுதான். வேறு கலங்களில் அது அநேகமாக இல்லை. அதனால்தான் வைரஸ் ஈரலில் இறங்குகிறது.

அதை வாசித்த இரவு, ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய கொப்பியை எடுத்துப் பார்த்தேன். கேள்விக்குறி இருந்த பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில் பித்த உப்புச் சுற்றோட்டம்: குடல், வாயினாளம், ஈரல், திரும்பவும் குடல். சேர் சொல்லச் சொல்ல நான்தான் அம்புக்குறி போட்டிருக்கிறேன். ஈரலுக்குள் போகும் அம்பின் நுனியில்தான் விடை இருந்திருக்கிறது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சி வைரசுக்கு ஒரு கதவு போதாது. சி.டி.81, கிளோடின், ஒக்குளூடின் என்று பல புரதங்களைக் கடந்துதான் உள்ளே போகும். டி என்ற இன்னொரு ஈரல் வைரசோ பியின் உறையையே போர்த்திக்கொண்டு, பியின் கதவாலேயே நுழையும். அந்த உறை நுனியைப் போலவே செய்த புலெவிர்டைட் என்ற மருந்து, கதவை முன்கூட்டியே அடைத்துவிடும். 2020 இல் ஐரோப்பாவில் டி நோயாளிகளுக்கு அதை அனுமதித்தார்கள். விடையில்லாமல் நின்ற ஒரு கேள்வி, ஊசிமருந்தாகி ஒரு மனிதனின் தோலுக்குள் போகிறது என்பதை நினைக்க இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கும்.

சேருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. போன தைப்பொங்கலன்று தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னேன். பின்னால் ரயில் சத்தம் கேட்டது. அது அடங்கும் வரை இருவரும் காத்திருந்தோம்.

"எலிக்கு பி வராது என்று படிச்சனாங்கள். மனிதரின் இந்தப் புரதத்தை எலிக்குக் கொடுத்தால்?"

"கொடுத்துப் பார்த்தவை சேர். டி தொற்றுது. பி தொற்றுதில்லை."

"கதவு திறந்த பிறகும்?"

"ஓம் சேர். உள்ளே வேறு ஏதோ தடுக்குது."

"அது என்ன என்று பார்த்துச் சொல்லும்" என்றார்.