கஜானா காலி என்றால் போதுமா?

பிரெஞ்சுப் புரட்சிப் பாடம் நடத்தும்போது ஒரு பையன் கேட்டான்: "எல்லா அதிகாரமும் ராஜா கையிலதானே சார்? அப்புறம் வரி போட எதுக்கு ஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்டணும்?"

ஸ்டேட்ஸ் ஜெனரல் என்பது பாதிரியார்கள், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று பிரிவுகளின் பிரதிநிதிகள் கூடும் சபை. "கஜானா காலிடா" என்றேன். தவறான பதில் இல்லை. 1788 கணக்கில் வரவு சுமார் 50 கோடி லிவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்), செலவு 63 கோடி. அந்தச் செலவிலும் பாதி கடனுக்கே போனது. அமெரிக்க விடுதலைப் போருக்கு வாங்கியது அதில் பெரும் பங்கு. தேர்வுக்கு இது தாராளம்.

ஆனால் பையன் கேட்டது அதிகாரத்தைப் பற்றி. அன்றைய பிரான்சில் அரசாணை செல்லுபடியாக, பாரிஸ் பார்லமா என்ற உயர் நீதிமன்றம் அதைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். மறுத்தால் ராஜா தன் முன்னிலையில் கட்டாயப் பதிவு செய்ய வைக்கலாம். 1787 ஆகஸ்ட் 6 அன்று பதினாறாம் லூயி அதைத்தான் செய்தார்: முத்திரை வரி, நில வரி இரண்டுக்கும். மறுநாளே பார்லமா செல்லாது என்றது. ராஜா அந்த நீதிபதிகளை த்ருவா நகருக்குத் துரத்தினார். செப்டம்பரில் வரிகளைக் கைவிட்டு அவர்களையே திரும்ப அழைத்தார். பதிவாகாத கடன் பத்திரத்தை நம்பிப் பணம் போட ஆள் கிடைப்பது கஷ்டம். ராஜாவின் கை அங்கேதான் கட்டப்பட்டிருந்தது; அதனால்தான் ஸ்டேட்ஸ் ஜெனரலைக் கூட்ட வேண்டி வந்தது.

இதை நாற்பது நிமிட வகுப்பில் சொல்லியிருக்க முடியாது. சொன்னால் 'வரம்பற்ற முடியாட்சி' என்ற பாடத் தலைப்பே ஆட்டம் காணும். அதுதான் சொல்லாததற்கு உண்மையான காரணமோ என்னவோ.

இன்னொன்றும் உறுத்துகிறது. பணமுடை ராஜாவை சபை வரைக்கும்தான் தள்ளியது. கவிழ்த்தது வாக்கு முறை என்பது என் கணிப்பு. 1788 டிசம்பர் 27 அன்று மூன்றாம் பிரிவினரான பொதுமக்களுடைய பிரதிநிதிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார்கள். ஆளுக்கு ஒரு வாக்கா, பிரிவுக்கு ஒரு வாக்கா என்பதை மட்டும் முடிவு செய்யவில்லை. பிரிவுக்கு ஒன்று என்றால் இரட்டிப்பு வெறும் நாற்காலிக் கணக்கு. மற்ற இரு பிரிவும் சேர்ந்தால், இரண்டுக்கு ஒன்று என்று மூன்றாம் பிரிவுக்கு எப்போதும் தோல்விதான். 1789 மே 5 அன்று கூடிய சபை, ஆறு வாரம் இந்த இழுபறியிலேயே கிடந்தது. ஜூன் 17 அன்று மூன்றாம் பிரிவு தன்னையே தேசிய சபை என்று அறிவித்துக்கொண்டது.

டிசம்பரிலேயே ஆளுக்கு ஒரு வாக்கு என்றிருந்தால்? பிரபுக்கள் விட்டிருக்க மாட்டார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஜூன் 27 அன்று மற்ற இரு பிரிவினரையும் அதே சபையில் போய் உட்காரச் சொன்னவர் லூயிதான். அதே நாட்களில் பாரிஸைச் சுற்றிப் படைகளையும் வரவழைத்தார். ரொட்டி விலை உச்சத்தில் இருந்த ஜூலை அது. விலை குறைவாக இருந்திருந்தால் பாஸ்டில் சிறைக்கோட்டை வாசலுக்கு அத்தனை பேர் போயிருப்பார்களா? அப்படிக் கேட்டால் வாக்கு முறை பற்றிய என் கணிப்பும் பாதிதான் நிற்கிறது.