மஸ்ஜித் ஜமேக் மாடல்: மூணாவது வாரம்

கோலாலம்பூர்ல இருக்கிற பழைய பள்ளிவாசல் மஸ்ஜித் ஜமேக்கை அட்டையில செஞ்சுட்டிருக்கேன். மினாரா (பாங்கு சொல்ற கோபுரம்) ரெண்டும் முடிஞ்சிருச்சு! 1:100 அளவுல செய்யறதால கணக்கு ரொம்ப ஈஸி, நெஜத்துல 26.8 மீட்டர் உயரம், நம்மளுது 26.8 சென்டிமீட்டர். மொதல்ல மணிலா அட்டையை உருட்டி மாஸ்கிங் டேப் ஒட்டி பெயிண்ட் அடிச்சேன், டேப்புக்கு அடியில சிவப்பு கசிஞ்சு வெள்ளையெல்லாம் ரோஸ் ஆயிருச்சு, அதனால அதைத் தூக்கிப் போட்டுட்டு வெள்ளைக் குழாய் மேல சிவப்புப் பேப்பரை நூல் மாதிரி வெட்டி ஒவ்வொரு சுத்தா ஒட்டுனேன். ஒரு மினாராவுக்கு ரெண்டு ராத்திரி. நெஜக் கட்டடத்துலயும் சிவப்புச் செங்கல் ஒரு வரி, வெள்ளைப் பூச்சு ஒரு வரின்னுதான் மாறி மாறி வரும், பார்க்க அப்படியே இருக்கு.

பள்ளிவாசலை டிசைன் பண்ணது ஹப்பக்ங்கிற பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர், நம்ம பழைய ரயில்வே ஸ்டேஷனும் அவரோடதுதான். 1908ல அடிக்கல் நட்டு, 1909 டிசம்பர் 23ல சிலாங்கூர் சுல்தான் தெறந்து வெச்சாரு, செலவு 32,625 வெள்ளி (டாலர்). 1965ல மஸ்ஜித் நெகாரா (தேசியப் பள்ளிவாசல்) வர்ற வரைக்கும் கோலாலம்பூருக்கு இதுதான் பெரிய பள்ளிவாசல்.

சனிக்கிழமை செந்தூல்ல இருந்து பெரியப்பா வந்தாரு. கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, "எல்லாம் சரிடா, ஆறு எங்க?"ன்னு கேட்டாரு. 1971ல கோலாலம்பூர்ல வந்த வெள்ளத்தைக் கண்ணால பார்த்த மனுசன், கேக்காம இருப்பாரா. நான் பலகையில கட்டடத்தை மட்டும்தான் வெச்சிருந்தேன், ஆனா பள்ளிவாசல் நிக்கிறதே கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் சேர்ற மூக்குலதான், அங்கதானே இந்த ஊரே ஆரம்பிச்சுச்சு, 1857ல கிள்ளான் தலைவர் ராஜா அப்துல்லா அனுப்புன 87 ஈயச் சுரங்க ஆளுங்க படகுல வந்து எறங்கி அம்பாங்குக்கு நடந்து போனது இந்தப் பக்கத்துல இருந்துதான். பள்ளிவாசல் கட்டுன எடம் அதுக்கு முன்னாடி மலாய்க்காரங்க மையத்துக்கொல்லை (இடுகாடு).

அதனால பலகையை மாத்துனேன். ஃபோம் போர்டு அஞ்சு அடுக்கு போட்டு கரையை ஒசத்தி, கெழக்கால கிள்ளான், மேற்கால கோம்பாக்னு ரெண்டு பள்ளம் வெட்டுனேன். இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச வேலை படிக்கட்டு. ஆத்துக்கு எறங்குற பழைய படி ரொம்ப வருசமா மூடிக் கெடந்துச்சு, ஆத்தைச் சுத்தம் பண்ணி அழகாக்குற ரிவர் ஆஃப் லைஃப் திட்ட வேலை நடந்தப்போதான் தோண்டி எடுத்தாங்க, அதை வைக்காம இந்த மாடல் முழுசாகாது. ஒரு படி ஒன்றரை மில்லி அட்டை, நகக்கண்ணுல பிடிச்சு ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கணும், பசை கொஞ்சம் கூடுனாலும் வழுக்கிட்டுப் போயிரும்.

தண்ணிக்கு நீலம் அடிக்கல, கோலாலம்பூர்னாலே சேத்து முகத்துவாரம்தானே, பழுப்புல துளி பச்சை கலந்து மேல வார்னிஷ் ரெண்டு கோட்.

நடு டோம்தான் சோதிக்குது. பிங்பாங் பந்து மேல பேப்பர் கூழ் பூசி வெச்சேன், நாலு நாள் மழையில காயாம ஒரு பக்கம் அமுங்கிருச்சு. 1993ல நெஜ டோம் ஒண்ணும் பெரு மழையிலதான் விழுந்துச்சு, அப்புறம் திரும்பக் கட்டுனாங்க. நானும் பழசை உரிச்சுட்டு இன்னிக்கி மறுபடி பூசி ஃபேனுக்கு அடியில வெச்சிருக்கேன்.