தங்கச் சுரங்கப் பங்கும் பி.இ. விகிதமும்

2011-ஆம் ஆண்டின் கடைசி வர்த்தக நாளில், அன்றைக்கு உலகிலேயே அதிகத் தங்கம் எடுத்துக்கொண்டிருந்த கனடா நிறுவனமான பாரிக் கோல்டின் பங்கு, நியூயார்க் சந்தையில் 45.25 டாலரில் முடிந்தது. அந்த ஆண்டில் நிறுவனத்தின் நிகர லாபம் ஏறத்தாழ 448 கோடி டாலர். பங்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 100 கோடி. ஆகவே ஒரு பங்குக்கு 4.48 டாலர் வருவாய். விலையை வருவாயால் வகுத்தால் பி.இ. விகிதம் 10 என்று வருகிறது. பத்தாண்டுகளுக்கும் மேலாக ஏறிக்கொண்டே வந்த ஒரு பொருளை விற்கும் நிறுவனத்துக்கு 10 மடங்கு என்பது மலிவு என்றுதான் அன்று பலரும் எண்ணினார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2013-இன் இறுதியில் அதே பங்கு 17.63 டாலர். அந்த ஆண்டில் நிறுவனம் காட்டிய நிகர நட்டம் 1,000 கோடி டாலருக்கும் அதிகம். இதற்கிடையில் தங்கத்தின் விலை என்னவாயிற்று என்று பார்த்தால், அவுன்ஸ் ஏறத்தாழ 1,530 டாலரிலிருந்து 1,200 டாலருக்கு இறங்கியிருந்தது. தங்கம் இழந்தது ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிய அளவு. தங்கத்தை எடுக்கும் நிறுவனத்தின் பங்கு இழந்ததோ ஐந்தில் மூன்று பங்கு.

இந்தக் கணக்கை இப்போது எடுத்து எழுதக் காரணம் என் தம்பி மகன். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தவன், கைப்பேசியில் ஒரு சுரங்க நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து, பச்சை நிறத்தில் இருந்த ஓர் எண்ணைக் காட்டி, "பெரியப்பா, தங்கம் இவ்வளவு ஏறியிருக்கும்போது இந்தப் பங்கு பி.இ. ஒற்றை இலக்கத்தில் கிடைக்கிறதே, வாங்கலாமா?" என்று கேட்டான். அவனுக்கு வாயால் சொன்னதை எண்களோடு எழுதித் தருவது நல்லது என்று தோன்றியது.

பி.இ. 10 என்றால், இன்றைய லாபம் இப்படியே தொடர்ந்தால் நாம் கொடுக்கும் விலைக்கு ஈடான லாபத்தைப் பத்து ஆண்டுகளில் நிறுவனம் ஈட்டிவிடும் என்று பொருள். இதில் "தொடர்ந்தால்" என்ற சொல்லின் மேல்தான் எல்லாப் பாரமும் இருக்கிறது. சோப்பு விற்கும் நிறுவனம் அடக்கச் செலவு ஏறினால் விலையை இரண்டு ரூபாய் கூட்டும். அடுத்த ஆண்டும் அதே ஆலையில் சோப்பு வரும். தங்கச் சுரங்கத்துக்கு இந்த இரண்டு வசதியும் இல்லை. தன் சரக்குக்குத் தானே விலை வைக்க அதனால் முடியாது. இந்த ஆண்டு தோண்டிய பாறையை அடுத்த ஆண்டு மறுபடியும் தோண்டவும் முடியாது.

விலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஓர் அவுன்ஸ் எடுக்க 1,200 டாலர் செலவாகிறது, விற்பது 1,500 டாலருக்கு என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 300. தங்கம் பத்து சதவீதம் இறங்கி 1,350 ஆனால் மிச்சம் 150. பொருளின் விலை பத்தில் ஒரு பங்கு குறைந்ததற்கு லாபம் சரிபாதியாகிவிட்டது. பங்கின் விலை அசையாமல் நின்றிருந்தாலும், நேற்று 10 என்று இருந்த பி.இ. இன்று 20. அதே தங்கம் பத்து சதவீதம் ஏறியிருந்தால் மிச்சம் 450 ஆகி, பி.இ. ஏழுக்கும் கீழே வந்திருக்கும். தங்கம் உச்சத்தில் இருக்கும்போது சுரங்கப் பங்குகளின் பி.இ. சிறுத்துக் காணப்படுவதற்கு இதுவே காரணம். இந்த லாபம் நிலைக்குமா என்ற ஐயம் சந்தைக்கு இருப்பதால், அது முழு லாபத்துக்கும் விலை கொடுப்பதில்லை. அந்த ஐயத்தைத்தான் நாம் பல நேரம் மலிவு என்று படித்துவிடுகிறோம்.

இதன் மறுபக்கமும் பாரிக்கின் கணக்கிலேயே இருக்கிறது. 2015-இல் தங்கம் 1,060 டாலர் வரை இறங்கியபோது நிறுவனம் மீண்டும் 280 கோடி டாலருக்கு மேல் நட்டம் காட்டியது. நட்டத்தால் வகுத்துப் பி.இ. காண முடியாது என்பதால், அந்த இடத்தில் வெறும் கோடுதான் இருந்திருக்கும். பங்கின் விலை அப்போது 7.38 டாலர், ஓராண்டு கழித்து 15.98. பி.இ. 10 என்று காட்டியபோது வாங்கியவர் பெரும்பகுதியை இழந்தார், பி.இ. என்ற எண்ணே இல்லாதபோது வாங்கியவர் இரட்டிப்பாக்கினார். ஒரு நிறுவனத்தை வைத்து விதி வகுக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் மேலே சொன்ன 1,200-1,500 கணக்கைப் போட்டுப் பார்த்தவருக்கு இது வியப்பாக இருக்காது.

அடுத்தது, வகுக்கும் எண்ணான அந்த வருவாய் எங்கிருந்து வருகிறது என்பது. பல ஆண்டுகள் கணக்கு எழுதியே பிழைத்தவன் என்பதால், இந்த இடத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். 2019-இல் பாரிக் காட்டிய நிகர வருவாய் பங்குக்கு 2.26 டாலர். அந்த ஆண்டின் இறுதி விலையான 18.59-ஐ வைத்தால் பி.இ. 8. ஆனால் ஒருமுறை வரவுகளை நீக்கி நிறுவனமே கொடுத்த சீர்செய்த வருவாய் பங்குக்கு 0.51 டாலர், அதை வைத்தால் பி.இ. 36. ஒரே நிறுவனம், ஒரே ஆண்டு, ஒரே விலை. இடையிலுள்ள பெருந்தொகை, நெவாடாவில் நியூமாண்ட் நிறுவனத்தோடு கூட்டு நிறுவனம் அமைத்தபோது ஏற்கெனவே கையில் இருந்த ஒரு சுரங்கத்தைப் புதிய மதிப்பில் எழுதியதாலும், முன்பு குறைத்து எழுதிய சுரங்கங்களின் மதிப்பை மீண்டும் கூட்டியதாலும், ஆஸ்திரேலியாவின் கால்கூர்லி சுரங்கத்தில் இருந்த பாதிப் பங்கை விற்றதாலும் வந்தது. கணக்கியல் விதிப்படி இவை எல்லாம் சரியான பதிவுகள்தாம். ஆனால் அடுத்த ஆண்டும் வரப்போகும் வருவாய் அல்ல. கைப்பேசிச் செயலி இந்த வேறுபாட்டை அறியாது. அது 8 என்றே காட்டும்.

2011-இன் வருவாயிலும் இதே போன்ற மறைவு ஒன்று இருந்தது, செலவின் பக்கத்தில். சிலி, அர்ஜென்டினா எல்லையில், ஆண்டிஸ் மலையின் உச்சியில் பாஸ்குவா-லாமா என்ற சுரங்கத்தை அந்த ஆண்டுகளில் நிறுவனம் கட்டிக்கொண்டிருந்தது. 300 கோடி டாலரில் முடியும் என்று தொடங்கிய வேலை 850 கோடி வரை மதிப்பிடப்பட்டு, 2013-இல் நிறுத்தப்பட்டது. அங்கே கொட்டிய பணம் சொத்துப் பட்டியலில் சேர்ந்ததே தவிர, 2011-இன் லாபத்திலிருந்து கழியவில்லை. அதே ஆண்டில் ஈக்வினாக்ஸ் என்ற செப்பு நிறுவனத்தை 700 கோடிக்கும் அதிகமான கனடிய டாலர் கொடுத்து வாங்கியதும் அப்படியே. பிறகு மதிப்புக் குறைப்பு என்ற பெயரில் அவை நட்டமாக வெளிவந்தபோது, பணம் போய் வெகுநாள் ஆகியிருந்தது. அதனால்தான் வருவாய் அறிக்கைக்கு முன்பு பணப்புழக்க அறிக்கையைத் திறக்கிறேன்.

தேய்மானம் இதைவிட நுட்பமானது. சுரங்கத்துக்குச் செலவிட்ட முதலை, பூமிக்குள் இருக்கும் அவுன்ஸ்களின் மேல் பரப்பி, எடுக்க எடுக்கக் கழித்துக்கொண்டு வருவார்கள். இரண்டு சுரங்கங்களை எண்ணிப் பாருங்கள்: இரண்டிலும் தங்கம் சமம், விற்பனை விலை 2,000, எடுக்கும் ரொக்கச் செலவு 1,000. ஒன்று வெகுகாலத்துக்கு முன் குறைந்த செலவில் அமைந்தது. அதன் தேய்மானம் அவுன்ஸுக்கு 200. மற்றொன்றை அண்மையில் ஒருவர் அதிக விலை கொடுத்து வாங்கினார், அதற்கு 700. முதலாவதின் லாபம் 800, இரண்டாவதின் லாபம் 300. சந்தை இரண்டுக்கும் ஒரே விலை வைத்தால், ஒன்றின் பி.இ. 10 ஆக இருக்கும்போது மற்றதன் பி.இ. 27-ஐ நெருங்கும். கையில் வரும் ரொக்கமோ ஒரே அளவு. மேலும், முதல் நிறுவனத்தின் 800 முழுவதும் லாபம் என்று சொல்லவும் என் மனம் ஒப்பவில்லை. எடுத்துத் தீர்த்த அவுன்ஸுக்கு ஈடாக இன்று இன்னொன்றைத் தேடிப் பிடிக்க 200 டாலர் போதாது.

இனி, தீர்ந்துபோதல் பற்றி. நான் பிறந்து வளர்ந்தது கோலார் தங்க வயலில். வட ஆற்காட்டிலிருந்து அங்கே போய்க் குடியேறிய ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தார். ஒரு காலத்தில் லண்டன் சந்தையில் விலை பேசப்பட்ட சுரங்கங்கள் அவை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, ஆழம் கூடக் கூடச் செலவு ஏறி, தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்துகொண்டே வந்து, 2001 பிப்ரவரி 28-இல் அரசு நிறுவனமான பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் கொடுத்த ஊர் அது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை, நாங்கள் சயனைடு மேடு என்று சொல்லும் கழிவு மலைகள். மழைநீர் அரித்த வரிகள் அவற்றின் சரிவில் மேலிருந்து கீழே ஓடும். வெயில் காலத்தில் காற்றடித்தால் மாவு போன்ற தூசு வாசல் திண்ணை வரை வந்து படியும்.

அந்த மேடுகளிலிருந்தே மீண்டும் தங்கம் எடுக்கும் திட்டத்துக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 13 மேடுகள், ஏறத்தாழ 3.3 கோடி டன் கழிவு. அந்த மண் மாறவில்லை; தங்கத்தின் விலை மாறியது. குப்பை என்று கொட்டியது விலை ஏறியதும் தாதுவாகிறது. விலை இறங்கினால் தாது மீண்டும் வெறும் மண். பூமிக்குள் இருந்து லாபத்தோடு எடுக்கக்கூடிய தங்கம் இவ்வளவு என்று, நிறுவனங்கள் ஆண்டறிக்கையில் இருப்பு என்ற பெயரில் காட்டும் எண்ணும் இப்படிப்பட்டதுதான். 2012 இறுதியில் அவுன்ஸுக்கு 1,500 டாலர் என்று வைத்துக் கணக்கிட்டபோது பாரிக்கின் இருப்பு 14 கோடி அவுன்ஸ். அடுத்த ஆண்டு 1,100 என்று வைத்ததும் அது 10.4 கோடி ஆயிற்று. அந்த ஆண்டு தோண்டி எடுத்தது 72 லட்சம் அவுன்ஸுக்கும் குறைவு. மீதியில் ஒரு பெரிய பகுதி, ஆண்டறிக்கையில் எழுதிய ஒரு விலை மாறியதால் இருப்பிலிருந்து நீங்கியது. ஆகவே இருப்புப் பட்டியலைப் பார்க்கும்போது, அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த அனுமான விலையை முதலில் படித்துவிடுங்கள்.

இந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் நான் ஒருமுறை பணம் இழந்திருக்கிறேன். டொராண்டோவில் வேலை பார்த்த காலத்தில், ஒரே ஒரு சுரங்கம் வைத்திருந்த சிறு நிறுவனம் ஒன்றின் பங்கைப் பி.இ. 7 என்பதற்காக வாங்கினேன். அதன் இருப்பு இன்னும் ஐந்தாண்டுக்குத்தான் போதும் என்று அறிக்கையிலேயே எழுதியிருந்தது. ஏழு ஆண்டு லாபத்தை முன்பணமாகக் கொடுத்து ஐந்தாண்டு சுரங்கத்தை வாங்கினேன் என்பது பிறகுதான் உறைத்தது. தேய்மானமாகக் கழித்த தொகை ரொக்கமாக நிறுவனத்திடம் தங்கும் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அந்த ரொக்கம் புதிய துளைகள் போடுவதிலேயே கரைந்தது.

அப்படியானால் பி.இ.-யைத் தூக்கி எறிவதா? நான் எறிவதில்லை. வேறு தங்க விலைகளில் அதைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்க்கிறேன். உலகத் தங்கக் கவுன்சில் 2013-இல் வகுத்துக் கொடுத்த ஏ.ஐ.எஸ்.சி. என்ற முழுச் செலவுக் கணக்கு இதற்குப் பெரிய துணை. சுரங்கத்தை ஓடும் நிலையில் வைத்திருக்க ஆகும் முதலீட்டையும் அது சேர்த்துச் சொல்கிறது. பாரிக் 2011-இல் அவுன்ஸுக்கு 460 டாலர் ரொக்கச் செலவு என்றது. 2013-இல் புதிய கணக்கின்படி 915. சுரங்கங்களின் எதிர்கால ரொக்க வரவை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து, கடனைக் கழித்து, அதனோடு பங்கு விலையை ஒப்பிடுவது இத்துறை ஆய்வாளர்களின் வழக்கம். முழு மதிப்பீட்டுக்கு அதுவே முறை. எந்த நாட்டில் சுரங்கம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2025 ஜனவரியில் மாலி அரசோடு ஏற்பட்ட தகராறில் லூலோ-கூன்கோட்டோ சுரங்கத்தின் வேலையையே பாரிக் நிறுத்த நேர்ந்தது. அப்படி ஒன்று நடக்கும் என்று எந்த விகிதமும் முன்கூட்டிச் சொல்லாது.

தம்பி மகனுக்கு நான் காகிதத்தில் போட்டுக் காட்டியது 2011-இன் கணக்கைத்தான். அந்த ஆண்டு பாரிக் விற்ற தங்கத்துக்குக் கிடைத்த சராசரி விலை 1,578 டாலர். எடுத்தது ஏறத்தாழ 77 லட்சம் அவுன்ஸ். இருப்பைக் கணக்கிட நிறுவனமே அந்த ஆண்டு 1,200 டாலரைத்தான் எடுத்துக்கொண்டது. எனவே லாபத்துக்கும் அதே விலையை வைப்போம். அவுன்ஸுக்கு 378 டாலர் குறைகிறது. மொத்தம் 291 கோடி. மூன்றில் ஒரு பங்கு வரியாகப் போயிருக்கும் என்று தோராயமாகக் கழித்தால் 194 கோடி. 448 கோடி லாபம் 254 கோடியாகிறது, பங்குக்கு 2.54 டாலர். பி.இ. இப்போது 18-ஐ ஒட்டி வருகிறது. டீசல், மின்சாரம், கூலி ஏறி அவுன்ஸுக்கு 100 டாலர் செலவு கூடினால் வரி போக இன்னும் 51 கோடி கழியும். பங்குக்கு 2 டாலர் சொச்சம். 45.25-ஐ அதனால் வகுத்தால் 22. அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தான் காட்டிய நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எந்தப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவது என்று கேட்டான். இருப்புப் பட்டியலின் அடிக்குறிப்பிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.