தண்ணி கஷ்டத்துல ஒரு செர்ரி: பெங்களூர் ராமமூர்த்தி நகர் தோட்ட டைரி

மார்ச் 12, 2024

போர்வெல் வத்திப் போச்சு, டேங்கர் சொன்னா எப்ப வரும்னே தெரியல, இதுல குடிக்கிற தண்ணிய தோட்டத்துக்கு ஊத்துனா 5000 ரூபாய் ஃபைன்னு வாட்டர் போர்டு ஆர்டர் போட்டாச்சு. சரியான ஆர்டர்தான், மனுஷனுக்கே இல்லாதப்போ வேற என்ன செய்வாங்க. தொட்டிச் செடியெல்லாம் நிழலுக்கு நகர்த்திட்டேன். காம்பவுண்ட் ஓரம் தரையில நிக்கிற பார்படாஸ் செர்ரிய நகர்த்த முடியாதே, என் கவலையெல்லாம் அது மேலதான். அதோட வேர் ஆழமா இறங்காது, மேலாப்புலயே படரும், மேல்மண்ணு சுட்டா வேரும் சேர்ந்து காயும். நல்லவேளை எதிர்ல இருக்கற புங்க மரம் இலை கொட்டிட்டு இருக்கு, கோணியில அள்ளிட்டு வந்து ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்கு போட்டேன், தண்டை ஒட்டி மட்டும் நாலு விரல் இடம் விட்டுட்டேன், ஒட்டி இருந்தா மழை வரப்போ பட்டை அழுகும்.

தண்ணிக்கு அரிசி, பருப்பு, காய் கழுவுனது. ஆர்.ஓ. வேஸ்ட் தண்ணிய இதுக்கு ஊத்தல, உப்பு மண்ணுலயே தங்கிடும், அது பாத்ரூமுக்கு.

மார்ச் 24

கே.ஜி.எஃப்ல (கோலார் தங்கவயல்) இருந்து அண்ணி ஃபோன். ஆன்லைன்ல காஷ்மீர் செர்ரி செடி வருதாம், தொட்டியிலயே கொத்துக் கொத்தா காய்ச்ச மாதிரி ஃபோட்டோ போட்டிருக்காங்களாம். "ஒண்ணு உனக்கும் சேர்த்து ஆர்டர் போடவாம்மா"ன்னு ஆசையா கேட்டாங்க. வேண்டவே வேண்டாம் அண்ணின்னு சொல்லிட்டேன். அந்த செர்ரி காஷ்மீர், சிம்லா பக்கத்து மரம், குளிர்காலத்துல சுமார் 7 டிகிரிக்குக் கீழ பல நூறு மணி நேரம் தூங்கி எழுந்தாதான் மொட்டு ஒழுங்கா விரியும், நிறைய ரகத்துக்கு 800 மணி நேரத்துக்கு மேலயே வேணும். பெங்களூர்ல இதுவரைக்கும் பதிவான குறைஞ்ச டெம்பரேச்சரே 7.8 டிகிரிதான், அதுவும் 1884ல. ஒரு ராத்திரி கூட அந்தக் குளிர் இங்க கிடையாது, அப்புறம் அது எங்க காய்க்கும். பார்படாஸ் செர்ரி குடும்பமே வேற, கரீபியன் பக்கத்து வெப்பநாட்டுச் செடி, நம்ம ஊரு வெயிலு அதுக்குப் பிறந்த ஊரு மாதிரி. அதுல பதியன் போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கேன்.

ஏப்ரல் 28

வெயில் 38 டிகிரிய தாண்டிடுச்சு. இலை பாதி கொட்டிருச்சு, மீதி மடங்கி நிக்குது. மாமா பதறிப்போய் "நம்ம குடிக்கிறதுல ஒரு சொம்பு ஊத்தும்மா, பாவம்"ங்கறார். மூடாக்க விலக்கிக் காட்டினேன், உள்ள மண்ணு சில்லுன்னு ஈரமா இருந்துச்சு. "மாமா, இது சாகல, இலைய உதிர்த்துட்டு தன்னைத் தானே காப்பாத்திக்குது"ன்னு சொன்னதும்தான் உள்ள போனார்.

நுனியில மாவுப்பூச்சி, எறும்பு வரிசையா ஏறுது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கூட கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் இறங்கினதுக்கு அப்புறம்தான் அடிச்சேன். பகல்ல அடிச்சா இலை கருகும்.

மே 3

மழை!! நேத்து சாயங்காலம் தெருவுல எல்லாரும் வாசல்ல வந்து நின்னுட்டாங்க. பக்கெட், அண்டா, டப், கையில கிடைச்சதெல்லாம் மொட்டை மாடி பைப்புக்குக் கீழ வச்சாச்சு. மரத்தடியில ரெண்டு கை வேப்பம்புண்ணாக்கும் மக்குன சாணியும் போட்டேன், இந்தச் செடிக்கு வேர் முடிச்சு நூற்புழு தொல்லை அதிகம், புண்ணாக்கு அதுக்கும் நல்லது.

மே 15

கிளை பூரா இளஞ்சிவப்புப் பூ. காஞ்சு கிடந்து திடீர்னு நல்ல மழை குடிச்சா இப்படித்தான் ஒரே மூச்சுல பூக்கும், நம்ம தினம் ஊத்துற பக்கெட் தண்ணிக்கு இந்த வேகம் வராது, இத எத்தனை வருஷம் பார்த்தாலும் எனக்கு அலுக்கல. பூ உதிருதுன்னு பயப்பட வேண்டாம், எல்லாப் பூவும் காயாகாது. அதோட சொந்த ஊர்ல எண்ணெய் எடுக்க வர்ற தனி வகைத் தேனீதான் மகரந்தம் சேர்க்கும், அது இங்க இல்ல. அதனால பின் வீட்டு அக்கா தொட்டியில இருக்கற செர்ரில இருந்து மகரந்தத்தை பெயின்ட் பிரஷ்ல தொட்டு கீழ் கிளைப் பூவுக்கெல்லாம் காலையில தடவி விட்டேன்.

ஜூன் 3

நேத்து ஒரே நாள்ல 111 மி.மீ. மழை! ஜூன் மாசத்துக்கு 1891ல பெஞ்ச 101.6 தான் இதுவரைக்கும் ரெக்கார்டா இருந்துச்சாம். மார்ச்ல ஒரு குடத்துக்கு அலைஞ்ச ஊரு இது. தோட்டத்துல தேங்கின தண்ணிய மண்வெட்டியால வாய்க்கா இழுத்து வெளிய விட்டோம், வேர் தண்ணில நின்னா தாங்காது. காய் கொஞ்சம் உதிர்ந்துச்சு, ஆனா பிரஷ் பட்ட கீழ் கிளையில நல்லாவே பிடிச்சிருக்கு.

ஜூன் 9

அறுப்பு! பூ விரிஞ்சு மூணு நாலு வாரத்துல பழம் ரெடி. முழுசா சிவந்தத பசங்க மரத்தடியிலயே தின்னுட்டாங்க. அரைப் பழத்தைத் தனியா எடுத்து நல்லெண்ணெயில தொக்கு போட்டேன், புளியே தேவைப்படல. 100 கிராம் பழத்துல 1000 மில்லிகிராமுக்கு மேல வைட்டமின் சி இருக்கு, ஆரஞ்சுல சுமார் 50 தான், அதுவும் செங்காய்லதான் இன்னும் அதிகம். பறிச்சா வெளிய வைக்கவே கூடாது, மறுநாளே கொழகொழன்னு ஆயிடும், மிச்சத்தை உடனே ஃப்ரீசர்ல போட்டாச்சு. மேல் கிளைய புல்புல்லுக்கு விட்டுட்டேன், அதுங்களும் இந்த வெயில்ல தவிச்சதுதானே.

ஜூன் 23

அண்ணிக்கு விண்பதியன் கட்டியாச்சு. பென்சில் மொத்தக் கிளையில ஒரு அங்குலம் பட்டைய வளையமா சீவி, தேங்காய் நார்த்தூளும் மண்புழு உரமும் ஈரமா பிசைஞ்சு வச்சு, பிளாஸ்டிக் சுத்தி ரெண்டு பக்கமும் இறுக்கிட்டேன். மழைக்காலம், காயாது. ஆகஸ்ட் கடைசில வேர் வெளிய தெரிஞ்சா வெட்டி எடுத்து, கொஞ்ச நாள் நிழல்ல தேத்திட்டு தசராவுக்கு கே.ஜி.எஃப் கொண்டு போகணும். அண்ணிய இப்பவே குழி தோண்டி ஆறப்போடச் சொல்லியிருக்கேன், தெற்கு பக்கம், நல்லா வெயில் விழற இடத்துல.